மலைக்காட்டுல தீ அபாயம் கணிக்க எது சரி? நோட்டுக் கணக்கா, வெதர் ஸ்டேஷனா, சாட்டிலைட் மேப்பா, மெஷின் லேர்னிங்கா?

மலைக்காட்ட பாத்துக்கறவங்க, அதுக்குள்ள ஆளுங்கள கூட்டிட்டு போறவங்க, அடிவாரத்துல தோட்டம் வச்சிருக்கவங்க, யார் கேட்டாலும் கேள்வி ஒண்ணுதான், தீ அபாயத்த கணிக்க எதை எடுக்கறது. ஒருத்தர் கனடாக்காரங்க இன்டெக்ஸ்தான் பெஸ்ட்டுங்கறாரு, இன்னொருத்தர் சாட்டிலைட்லயே எல்லாம் சும்மா வருதே எதுக்கு காச கரைக்கிறீங்கங்கறாரு, மூணாவது ஆளு எங்க மாடல் 95 சதவீதம் சரியா சொல்லுதுன்னு ஸ்லைடு காட்டுறாரு. மூணு பேரும் பொய் சொல்லல. ஆனா ஆளுக்கொரு கேள்விக்கு பதில் சொல்லிட்டு இருக்காங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

## முதல்ல எதை வச்சு எடை போடறது

உங்க கேள்வி எது? தீ அபாயம்னு ஒரே வார்த்தைல மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு. எங்க பத்திக்கும், எப்போ பத்திக்கும், பத்திக்கிட்டா எவ்ளோ வேகமா போகும். "எங்க"ங்கறது தினம் மாறாது, தீத்தடுப்புக் கோடு எங்க வெட்டலாம், காவல் கோபுரம் எங்க வைக்கலாம்னு முடிவு பண்ண அது போதும். "எப்போ"ங்கறது தினம் மாறும், நாளைக்கு பாதைய மூடலாமா, ஆளுங்கள டியூட்டில நிறுத்தலாமா. மூணாவது, தீ பிடிச்ச அப்புறம் வர்ற கேள்வி. இதுல உங்களுக்கு எது வேணும்னு தெளிவா இல்லாம டூல் தேடினா எதை வாங்கினாலும் ஏமாத்தமாதான் இருக்கும்.

அது மலைய மலையா பாக்குதா? இதத்தான் நான் ரொம்ப முக்கியமா பாப்பேன், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். சமவெளில பத்து கிலோமீட்டருக்கு ஒரு நம்பர் இருந்தா சமாளிச்சுக்கலாம், மலைல அதே பத்து கிலோமீட்டருக்குள்ள பள்ளத்தாக்கும் இருக்கும் முகடும் இருக்கும், உயரம் 1500 மீட்டர் வித்தியாசம்னா சராசரியா கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும்னு வச்சாலே கிட்டத்தட்ட 10 டிகிரி வித்தியாசம் வந்துடுது. வெயில் படற பக்கம் வேற, பூமியோட வடபாதில தெற்கு பாத்த சரிவு சீக்கிரம் காயும், தென்பாதில வடக்கு பாத்த சரிவு, பூமத்திய ரேகை பக்கத்துல சூரியன் தலைக்கு மேலயே போறதால இந்த வடக்கு தெற்கு வித்தியாசம் குறைஞ்சு மத்தியான வெயில் விழற மேற்குச் சரிவுதான் கவனிக்க வேண்டியதா ஆயிடும். காத்து பகல்ல சரிவுல ஏறும், ராத்திரி இறங்கும். ராத்திரி குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால கீழ பள்ளத்துல போய் தேங்கிடும், அதனால சரிவோட நடுப்பகுதி கீழ இருக்கற பள்ளத்த விட வெதுவெதுப்பா, காஞ்சு கிடக்கும். இந்த வெப்பப் பட்டைல தீ ராத்திரி பூரா எரியும், கீழ முகாம் போட்டிருக்கவனுக்கு பனி கொட்டுதே இனி அணைஞ்சிடும்னு தோணும், மேல அது பாட்டுக்கு வேலை செஞ்சிட்டு இருக்கும்.

சரிவு எவ்ளோ செங்குத்துங்கறது தனி. ஆஸ்திரேலியால தீ ஆராய்ச்சியாளர் மெக்கார்தர் காலத்துல இருந்தே சொல்ற ஒரு கணக்கு இருக்கு, மேல் நோக்கி போற தீக்கு ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் வேகம் ரெட்டிப்பாகும். 20 டிகிரில நாலு மடங்கு, 30 டிகிரில எட்டு மடங்கு. 1949 ஆகஸ்ட் 5 அமெரிக்காவோட மொன்டானால மேன் கல்ச்ங்கற பள்ளத்தாக்குல 13 தீயணைப்பு வீரர்கள் செத்தாங்க. தீ ஒரு பக்கம் மரக்காட்டுல எரிஞ்சிட்டு இருந்துச்சு, அங்கிருந்து தாவி எதிர்ப்பக்கம் தெற்கு பாத்த காஞ்ச புல் சரிவுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் செங்குத்துல மேல ஓடுன மனுசங்கள விட தீ வேகமா ஓடிடுச்சு. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே நாள், ஒரே வானிலை, ரெண்டு சரிவுக்கும் ரெண்டு விதமான அபாயம். மொத்தத்துக்கும் ஒரே கலர் அடிக்கிற மேப் இத எப்படி சொல்லும்?

டேட்டா நிக்காம வருமா? வாங்கறப்ப யாரும் இத கேக்கறதில்ல, மூணாவது வருசம்தான் தெரியும்.

எச்சரிக்கை வந்தா என்ன பண்ணப் போறீங்க? சிவப்பு வந்தா ஒண்ணும் மாறப் போறதில்லன்னா கணிப்பே வேண்டாம், அந்த காசுக்கு இன்னும் ரெண்டு ஆள் போட்டுக்கலாம். 40 நாள் தொடர்ந்து சிவப்பு காட்டுற சிஸ்டமும் அப்படித்தான், நாலாவது நாள்ல இருந்து யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

## வழி 1: நோட்டும் தெர்மாமீட்டரும்

கேலி பண்ணாதீங்க, இதுல நல்ல விஷயம் இருக்கு. ஸ்வீடன்ல இருந்து வந்த ஆங்ஸ்ட்ரோம் இன்டெக்ஸ் ஒரு வரி கணக்கு: ஈரப்பதத்த 20ஆல வகுங்க, 27ல இருந்து வெப்பநிலைய கழிச்சு 10ஆல வகுங்க, ரெண்டையும் கூட்டுங்க. மத்தியானம் 34 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்னா 1.25 கூட்டல் மைனஸ் 0.7, ஆக 0.55. 2க்கு கீழ போனாலே தீ பிடிக்க ரொம்ப வாய்ப்பு, 4க்கு மேல இருந்தா பயமில்லன்னு அர்த்தம். ஆனா இதுக்கு ஞாபகசக்தி கிடையாது, நேத்து கொட்டுன மழை இதுக்கு தெரியாது.

ஞாபகம் வேணும்னா 1949ல சோவியத் யூனியன்ல வந்த நெஸ்டெரோவ் இன்டெக்ஸ். மத்தியான வெப்பநிலைய எடுத்து, அதுல இருந்து பனிநிலை வெப்பத்த (காத்துல இருக்கற ஈரம் பனித்துளியா மாற ஆரம்பிக்கிற வெப்பநிலை) கழிச்சு, வர்றத வெப்பநிலையாலயே பெருக்கி தினம் கூட்டிட்டே போகணும், 3 மில்லிமீட்டர் மழை பேஞ்சா பூஜ்யம், திரும்ப முதல்ல இருந்து. 30 டிகிரி, பனிநிலை 10 டிகிரின்னா ஒரு நாளைக்கு 600, ஏழு நாள்ல 4200, அதாவது 4000ங்கற கோட்ட தாண்டி அதிக அபாயத்துக்குள்ள போயாச்சு. அழகா இருக்கு இல்ல? பிரச்சனை அந்த 3 மில்லிமீட்டர்லதான். மலைல ஒரு சரிவுல அஞ்சு மில்லி பேயும், முகட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மில்லிகூட விழாது, உங்க மழைமானி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் கணக்கு பூஜ்யமாகணும், ஆனா நீங்க மொத்த மலைக்கும் பூஜ்யம் போட்டுட்டு நிம்மதியா தூங்குவீங்க.

1968ல கீட்ச், பைரம்னு ரெண்டு அமெரிக்கர்கள் போட்ட வறட்சி இன்டெக்ஸும் இந்த வகைதான். பூஜ்யத்துல இருந்து 800 வரைக்கும் போகும், மண்ணு எவ்ளோ காஞ்சிருக்குன்னு மெதுவா சொல்லும். காத்தும் ஈரப்பதமும் அதுல கிடையவே கிடையாது, அதனால தினசரி முடிவுக்கு உதவாது, சீசன் எப்படி போகப்போகுதுன்னு பாக்க மட்டும் நல்லது.

மறைஞ்ச செலவு ஆள்தான். தினம் ஒரே நேரத்துல ஒருத்தர் போய் படிக்கணும், ஞாயித்துக்கிழமையும்.

## வழி 2: எஃப்டபிள்யூஐ, சொந்த வெதர் ஸ்டேஷனோட

எஃப்டபிள்யூஐன்னா ஃபயர் வெதர் இன்டெக்ஸ், வானிலைய வச்சு தீ அபாயத்துக்கு நம்பர் போடறது, அந்த கனடாக்காரங்க இன்டெக்ஸ் இதுதான். கனடால 1970ல இருந்து ஓடுற சிஸ்டம், 1987ல வான் வாக்னர்ங்கற ஆராய்ச்சியாளர் எழுதுன வடிவத்தத்தான் உலகம் பூரா பயன்படுத்துறாங்க, ஐரோப்பா 2007ல தன்னோட மொத்த பகுதிக்கும் இதையே எடுத்துக்கிச்சு. வேணுங்கறது நாலே நம்பர், நண்பகல் வெப்பநிலை, ஈரப்பதம், காத்து வேகம், 24 மணி நேர மழை. அத வச்சு மூணு அடுக்கோட ஈரத்த தனித்தனியா கணக்கு வச்சுக்கும். மேல கிடக்கற சருகு, அது ஒரு நாளைக்குள்ளயே காஞ்சிடும். அதுக்கு கீழ மக்குன அடுக்கு, அதுக்கு ரெண்டு வாரம் அளவுக்கு ஆகும். இன்னும் ஆழத்துல இருக்கறது காய 50 நாளுக்கு மேல. மழையக்கூட அடுக்குக்கு அடுக்கு வேற மாதிரி எடுத்துக்கும், சருகுக்கு 0.5 மில்லிமீட்டர் தாண்டினாலே நனையும், நடு அடுக்குக்கு 1.5, ஆழத்துக்கு 2.8. நெஸ்டெரோவ் மாதிரி ஒரே அடில எல்லாத்தையும் அழிக்காது, அதனால "நேத்து தூறல் போட்டுச்சு ஆனாலும் உள்ள காஞ்சுதான் கிடக்கு"ங்கற நிலைமைய இதால சொல்ல முடியும், மலைக்காட்டுல பாதி நாள் நிலைமையே அதுதான்.

குறை என்னன்னா இது சமதளத்துல நிக்கற ஒரு பைன் காட்ட மனசுல வச்சு செஞ்சது. சரிவு கிடையாது, பக்கம் கிடையாது, புல் எவ்ளோ காஞ்சிருக்குன்னு கிடையாது. காத்து வேகம் திறந்தவெளில 10 மீட்டர் உயரத்துல எடுத்ததா இருக்கணும்னு கேக்கும், மலைல அப்படி ஒரு திறந்தவெளிய தேடி கண்டுபிடிக்கறதே ஒரு வேலை. நண்பகல் நம்பர வச்சு சாயங்காலம் நாலு மணி வாக்குல உச்சம் எப்படி இருக்கும்னு சொல்லும், நான் மேல சொன்ன வெப்பப் பட்டையோட ராத்திரி தீ இதுக்கு தெரியவே தெரியாது. பகல் நேரத்தோட நீளத்துக்கு இருக்கற திருத்தமும் கனடாவோட அட்சரேகைக்கு போட்டது, வேற இடம்னா மாத்தணும், மாத்தாம அப்படியே காப்பி பண்ணி ஓட்டுறவங்க நிறைய.

அதவிட பெரிய தப்பு எல்லைக்கோட்ட கடன் வாங்கறது. ஐரோப்பால 21.3 தாண்டினா அதிகம், 38 தாண்டினா மிக அதிகம்னு வச்சிருக்காங்க, அந்த நம்பர் அங்க உள்ள காட்டுக்கும் வானிலைக்கும். அத எடுத்து நீண்ட வறண்ட காலம் இருக்கற மலைக்கு போட்டா மாசக்கணக்குல சிவப்பு, ஈரமான மலைக்கு போட்டா வருசம் பூரா பச்சை. உங்க இடத்தோட பழைய டேட்டாவ எடுத்து, அதுல மேல இருக்கற 10 சதவீத நாள் எந்த நம்பர்ல ஆரம்பிக்குதுன்னு பாத்து அத கோடா வைங்க. சொந்த டேட்டா இல்லன்னா 1940 வரைக்கும் பின்னாடி போற ஈரா5 மறுபகுப்பாய்வு, அதாவது பழைய வானிலைய மாடல்ல திரும்ப கணக்கு போட்டு வச்ச டேட்டா இருக்கு, கட்டம் 31 கிலோமீட்டர் அளவு பெருசுதான், ஆனா கோடு போட ஆரம்பிக்க போதும்.

மறைஞ்ச செலவு இதுலதான் நிறைய, ஸ்டேஷன் விலை அதுல சின்ன பங்கு. மழைமானில இலை அடைச்சுக்கும், பூச்சி கூடு கட்டும், ஈரப்பத சென்சார் வருசா வருசம் நழுவும், முகட்டுல சிக்னல் இருக்காது. இது தொடர்ச்சியா கூட்டிட்டு போற கணக்குங்கறதால நடுவுல நாலு நாள் டேட்டா போச்சுன்னா அந்த நாலு நாளோட போகாது, ஆழமான அடுக்கோட நம்பர் வாரக்கணக்குல தப்பாவே ஓடும். நானே ஒரு தடவ வசதியா இருக்கேன்னு மழைமானிய சுவர ஒட்டி வச்சுட்டேன், சாய்ஞ்சு வர்ற மழை பாதி உள்ளயே விழல, சீசன் பூரா இன்டெக்ஸ் கத்திட்டே இருந்துச்சு, கடைசில அது கத்தறத கேக்காம இருக்க எல்லாரும் பழகிட்டாங்க. சென்சார விட அது நிக்கற இடம் முக்கியம்னு நான் சொல்றதுக்கு காரணம் இதுதான். ஒரே ஸ்டேஷன்தான் முடியும்னா அலுவலகம் இருக்கற பள்ளத்துல வைக்காதீங்க, சரிவோட நடுவுல, வெயில் படற பக்கம் வைங்க.

## வழி 3: ரெடிமேட் உலக மேப்

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்கலாம். சாட்டிலைட்ல சிவப்பு புள்ளி வர்றது கணிப்பு இல்ல, எரிய ஆரம்பிச்சத பாத்து சொல்றது. நாசாவோட தீப்புள்ளி மேப்பான ஃபிர்ம்ஸ்ல வர்ற விர்ஸ் சாட்டிலைட் சென்சார் 375 மீட்டர் துல்லியம், மோடிஸ் 1 கிலோமீட்டர், பாத்ததுல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள மேப்ல வந்துடும். ஆனா விர்ஸ் தாங்கி போற சாட்டிலைட்டுங்க பகல் ஒண்ணரை, ராத்திரி ஒண்ணரை வாக்குலதான் தலைக்கு மேல வரும். மத்தியானம் மூணு மணிக்கு பிடிச்ச தீய அது ராத்திரிதான் பாக்கும், நடுவுல மேகமோ அடர்ந்த கிளையோ மறைச்சா அதுவும் இல்ல. மலைச்சரிவுல அத்தன மணி நேரம்னா என்னன்னு மேல போட்ட கணக்கே சொல்லும்.

நிஜமான கணிப்பு மேப்னா ஐரோப்பிய அமைப்புங்க நடத்துற எஃபிஸ், உலகத்துக்கே பொதுவான ஜிவிஸ் மாதிரி தளங்கள்ல வர்றது, வானிலை முன்னறிவிப்ப எஃப்டபிள்யூஐக்குள்ள போட்டு அடுத்த சில நாளைக்கு கலர் காட்டும். இலவசம், தினம் வரும், யாரும் கூடு சுத்தம் பண்ண வேண்டாம். சொந்த ஸ்டேஷன் தராத ஒண்ண இது தரும், முன்கூட்டிய அவகாசம். ஸ்டேஷன் இன்னைக்கு என்னன்னுதான் சொல்லும், வெள்ளிக்கிழமை காத்து திரும்பப் போகுதுன்னு சொல்லாது.

ஆனா கட்டம் எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருந்தாலே பள்ளத்தாக்கும் முகடும் ஒரே கலர் ஆயிடும். மாடலுக்குள்ள இருக்கற மலை நிஜ மலைய விட வழவழன்னு இருக்கும், அதனால முகட்ட தாண்டி சூடா வறண்டு இறங்கற காத்து, ஆல்ப்ஸ்ல ஃபோன்னு சொல்லுவாங்களே அது, ஒன்னு குறைச்சலா தெரியும் இல்ல இடம் மாறி தெரியும். அந்தக் காத்து இறங்கறப்ப கிலோமீட்டருக்கு 10 டிகிரி கிட்ட சூடாகும், மணிக்கணக்குல ஈரப்பதத்த உறிஞ்சிடும். அப்படி காத்து அடிக்கற மலைன்னா இந்த மேப்ப மட்டும் நம்பி இருக்கறது எனக்கு சரியா படல. மத்தபடி கையில ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு நாளைக்கே ஆரம்பிக்க இத விட நல்லது கிடையாது.

## வழி 4: மெஷின் லேர்னிங் ரிஸ்க் மேப்

சரிவு, பக்கம், உயரம், ரோட்டுல இருந்து தூரம், தாவர வகை, பழைய தீ நடந்த இடங்கள், எல்லாத்தையும் ரேண்டம் ஃபாரஸ்ட் மாதிரி ஒரு அல்காரிதத்துக்குள்ள போட்டா 30 மீட்டர் துல்லியத்துல பளபளன்னு ஒரு மேப் வரும். மலைய மலையா பாக்கறது இது ஒண்ணுதான், அத ஒத்துக்கணும். ஆனா பெரும்பாலும் இது பதில் சொல்றது "எங்க"ங்கற கேள்விக்கு. அத நாளைக்கு என்னன்னு கேக்கறவன் கையில குடுத்தா அவன் வருசம் பூரா ஒரே மேப்ப பாத்துட்டு இருப்பான்.

துல்லியம்னு சொல்ற நம்பர அப்படியே வாங்காதீங்க. ஒரு உதாரணத்துக்கு 120 நாள் சீசன், 500 கட்டம், ஆக 60,000 கட்ட-நாள், அதுல 60 தீ நடந்துச்சுன்னு வைங்க. எல்லாத்துக்கும் "தீ இல்ல"ன்னு சொல்ற ஒரு முட்டாள் மாடல் 99.9 சதவீதம் சரி, ஒரு தீயக்கூட பிடிக்காம. அப்புறம் டெஸ்ட் எப்படி பண்ணாங்கன்னு கேளுங்க. ஒரே தீயோட பக்கத்து பக்கத்து புள்ளில பாதி ட்ரெய்னிங்குக்கும் பாதி டெஸ்ட்டுக்கும் போயிருந்தா அது விடைத்தாள பாத்து எழுதுன பரீட்சை. ஒரு முழு வருசத்த, இல்ல ஒரு முழு பள்ளத்தாக்க தனியா ஒதுக்கி வச்சு டெஸ்ட் பண்ணியிருக்கணும், அப்போ 95 எவ்ளோ ஆகுதுன்னு பாத்துட்டு பேசலாம்.

இன்னொரு மறைஞ்ச குழி ட்ரெய்னிங் டேட்டாவே. சாட்டிலைட் புள்ளிய வச்சு கத்துக்கிச்சுன்னா வேணும்னே வச்ச கட்டுப்பாட்டு எரிப்பும் அதுல தீதான், விவசாயி வயல்ல கொளுத்துன அறுவடைத் தாளும் தீதான். ஆள் எழுதுன பதிவ வச்சு கத்துக்கிச்சுன்னா ரோட்டு பக்கத்துல நடந்ததுதான் அதிகம் பதிவாகியிருக்கும், உள்ள நடந்தது யாருக்கும் தெரியாமலே அணைஞ்சிருக்கும், கடைசில மாடல் கத்துக்கிட்டது தீ எங்க வரும்ங்கறதையா மனுசன் எங்க பாத்தான்ங்கறதையான்னு பிரிச்சு சொல்ல முடியாது. அதோட பெரிய தீ ஒண்ணு வந்து போச்சுன்னா அந்த இடத்துல எரிய சரக்கே இருக்காது, மேப் இன்னும் சிவப்பாவே நிக்கும், யாராவது திரும்ப ஓட்டணும், ஓட்டத் தெரிஞ்சவர் அதுக்குள்ள வேற வேலைக்கு போயிருப்பாரு.

தீ பரவறத கணக்கு போடற ஃபார்சைட் மாதிரி சாப்ட்வேர்கள், மலைக்காத்த சின்ன கட்டத்துக்கு பிரிச்சு தர்ற விண்ட்நிஞ்சா, இதெல்லாம் மூணாவது கேள்விக்கு. எரியற சரக்கோட மேப் உங்க காட்டுக்கு இல்லன்னா பரவல் கணக்கு வெறும் படம்தான், விண்ட்நிஞ்சா மட்டும் உயர மேப் இருந்தாலே ஓடும், இலவசம், எந்தக் கணவாய்ல காத்து சேந்து வரும்னு பாக்கவாவது ஒரு தடவ ஓட்டிப் பாருங்க.

## ஒரே பார்வைல

| | நோட்டுக் கணக்கு | எஃப்டபிள்யூஐ + ஸ்டேஷன் | ரெடிமேட் மேப் | மெஷின் லேர்னிங் |
|---|---|---|---|---|
| பதில் சொல்ற கேள்வி | எப்போ (இன்னைக்கு) | எப்போ (இன்னைக்கு) | எப்போ (அடுத்த சில நாள்) | பெரும்பாலும் எங்க |
| சரிவு, பக்கம் தெரியுமா | தெரியாது | தெரியாது, ஸ்டேஷன் இடத்த பொறுத்து ஓரளவு | தெரியாது | தெரியும் |
| தினசரி வேலை | ஒரு ஆள், பத்து நிமிஷம் | ஆட்டோமேட்டிக், ஆனா பராமரிப்பு | இல்ல | இல்ல, ஆனா அப்பப்ப திரும்ப ஓட்டணும் |
| மறைஞ்ச செலவு | லீவு நாள் | சென்சார், டேட்டா இடைவெளி | உள்ளூர் கோடு போடற உழைப்பு | டேட்டா சுத்தம் பண்றது, தெரிஞ்ச ஆள் |
| கவுத்தற இடம் | ஒரு பக்கம் மட்டும் மழை | கடன் வாங்குன எல்லைக்கோடு | மலை இறங்கற காத்து | ஏமாத்தற துல்லிய நம்பர் |

## அப்போ யாருக்கு எது

மலையேற்றத்துக்கு ஆள் கூட்டிட்டு போறவங்களுக்கு ரெடிமேட் மேப்ப மூணு நாள் முன்னாடி பாக்கறதும், கிளம்பற அன்னைக்கு ஆங்ஸ்ட்ரோம் கணக்க பாதை தொடங்கற இடத்துல போட்டு பாக்கறதும் போதும், ஸ்டேஷன் எல்லாம் உங்க வேலை இல்ல. அதுகூட காஞ்ச புல் சரிவு பாதைல எங்கெங்க வருதுன்னு மட்டும் முன்னாடியே குறிச்சு வச்சுக்கோங்க.

சில ஆயிரம் ஹெக்டேர் மலைக்காட்ட வருசக்கணக்கா பாத்துக்கறவங்கன்னா என் தேர்வு வழி 2, கூடவே வழி 3ஐ முன்கூட்டி பாக்கறதுக்கு வச்சுக்கோங்க. நடுச்சரிவுல ஒரு ஸ்டேஷன், முகட்டுக்கு அந்தப்பக்கம் வெறும் மழைமானி ஒண்ணு, இந்த ரெண்டாவது மழைமானி நீங்க வாங்கறதுலயே மலிவான, ஆனா அதிகம் பலன் தர்ற பொருளா இருக்கும். காசு நெருக்கடின்னா வழி 1ல நெஸ்டெரோவ், ஆனா முகட்டோட ரெண்டு பக்கச் சரிவுக்கும் நோட்டுல தனித்தனி பக்கம் போட்டு.

புதுசா தீத்தடுப்புக் கோடு வெட்டப் போறவங்க, கோபுரம் கட்ட இடம் தேடறவங்க, அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ திட்டம் போடறவங்க, உங்களுக்குத்தான் வழி 4. ஒரு தடவ நல்லா செஞ்சு வாங்கி வச்சுக்கோங்க, தினசரி எச்சரிக்கைன்னு அத விக்க வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. குளிர்காலத்துல பனி மூடற மலைன்னா எஃப்டபிள்யூஐ கணக்க பனி உருகி மூணு நாள் கழிச்சு ஆரம்பிக்கறதுதான் வழக்கம், ஆனா போன சீசன் வறண்டு முடிஞ்சிருந்து பனியும் குறைச்சலா விழுந்திருந்தா ஆழ அடுக்கோட வழக்கமான தொடக்க நம்பரான 15அ அப்படியே போடாதீங்க, போன வருசத்து காய்ச்சல் இன்னும் உள்ள இருக்கும்.

எதை எடுத்தாலும் முதல் சீசன்ல இருந்தே ஒரு நோட்டு தனியா வைங்க, நடக்கற ஒவ்வொரு தீயையும் எழுதுங்க, பத்து நிமிஷத்துல மிதிச்சு அணைச்சதையும் சேத்து. எத்தன மணிக்கு, எந்தப் பக்கத்து சரிவு, புல்லா சருகா, அன்னைக்கு இன்டெக்ஸ் எவ்ளோ. அந்த சின்ன தீயெல்லாம் எந்த சாட்டிலைட்டுக்கும் தெரியாது, ரெண்டு மூணு சீசன் கழிச்சு எல்லைக்கோட்ட எங்க மாத்தணும்னு உக்காரறப்ப கையில வச்சு பேச வேற டேட்டா இருக்காது.